கோட்டையில் சொன்ன வேண்டாம்

மே 9, சனிக்கிழமை

பிரான்சுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். விமானம், அப்புறம் ரயில், அப்புறம் கார். இடுப்பு கழன்று கையில் வந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு மகள் வருவாள் என்று பார்த்தால் மருமகன் ழெரோம் நிற்கிறான், ஒரு அட்டையில் 'அததை' என்று எழுதிப் பிடித்துக்கொண்டு. புள்ளியை விட்டுவிட்டான். சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. "வால் வேலை, அத்தை" என்றான். யாருக்கு வால்? பாதி வழி வந்த பிறகுதான் விளங்கியது. வளர்மதி என்ற பெயர் இவர்கள் வாயில் நுழையாதாம், வெட்டி முன்பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டார்களாம். அவள் அப்பா ஆசை ஆசையாக வைத்த பெயருக்கு வந்த கதி.

கோட்டையைப் பார்த்தேன். புவாரெய் கோட்டை, ஐந்நூறு வருஷத்துக் கட்டடம் என்று போனில் அத்தனை பீற்றல். செஞ்சிக் கோட்டையை ஏறி இறங்கிய காலுக்கு இதெல்லாம் கோட்டையா? மலை இல்லை, மதில் இல்லை. நாலு மூலையிலும் கூம்புத் தொப்பி வைத்த பெரிய பங்களா. அகழி உண்டு, தண்ணீர் கிடையாது. உள்ளே இரண்டு ஆடு மேய்கிறது. இத்தனையும் சர்க்காருக்குச் சொந்தமில்லை, ஒரே ஒரு கிழவிக்குச் சொந்தம். மதாம் எலேன். மகளும் மருமகனும் அவளிடம் வேலை. வருகிறவர்களுக்கு டிக்கெட் கொடுத்துச் சுற்றிக் காட்டுவது மகள். புல்வெட்டு, கூரை, குழாய் எல்லாம் அவன். வாசல் பக்கத்தில் முன்பு காவல்காரன் இருந்த வீட்டை மதாம் இவர்களுக்குக் குடியிருக்கக் கொடுத்திருக்கிறாள். இரண்டு அறை.

ஆறு மாதமாகப் போனில் ஒரே பாட்டு: "வீடு எங்களுது இல்லம்மா, மதாமோடது. அவங்க சரின்னா உன்னை இங்கயே வெச்சுக்குவேன், மத்ததெல்லாம் நான் பாத்துக்குறேன்." அந்த மதாமின் வாயிலிருந்து ஒரு சரி வர வேண்டும். அதற்காகத்தான் நான் வந்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எனக்கு என்ன குறை? முத்தியால்பேட்டையில் வீடு இருக்கிறது, பென்ஷன் வருகிறது. கோட்டை பார்க்க வந்தேன், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஜெயக்கொடியிடம் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "இனிமே எனக்கு அங்கதான்" என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் கறிவேப்பிலைச் செடியைத் தான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். எடுத்தும் இருப்பாள்.

மே 11

வளர்மதி இளைத்திருக்கிறாள். கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாள். அடுப்படியில் மிளகாய்த்தூள் ஒரு மூலை, உப்பு ஒரு மூலை. எல்லாவற்றையும் எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கினேன். மத்தியானம் வந்து பார்த்தால் பழையபடி அது அது அங்கங்கே இருக்கிறது. மறுபடி அடுக்கினேன்.

குளியலறைத் தரை வழுக்குகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டே குளித்தேன். மாசி மாதம் ஊரில் குளிக்கப் போய் விழுந்ததை இவளிடம் சொல்லவில்லை. மத்தியானம் விழுந்தவள், மறுநாள் காலையில் பால் ஊற்றுகிற பெண் கூப்பிட்டுப் பார்த்து, ஆளைக் கூட்டி வந்து தாழ்ப்பாளை உடைக்கும்வரை ஈரத் தரையில் கிடந்தேன். எலும்பு முறியவில்லை, அந்த மட்டும் புண்ணியம். அதற்கப்புறம் தனியாகக் குளிக்கப் போனாலே நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொள்கிறது. இதைச் சொன்னால் இவள் பதறிப்போய் உடனே இரு என்பாள். அப்படிப் பிச்சை மாதிரி ஒரு இரு எனக்கு வேண்டாம். கூப்பிட்டால் தானாகக் கூப்பிட வேண்டும்.

மே 14

நாள் முழுக்க மழை. கோட்டைக் கூரை ஒழுகுகிறது என்று மருமகன் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ராஜா வீட்டிலும் ஒழுகத்தான் செய்யும் போல.

மே 17, ஞாயிறு

இன்று கூட்டம். இரண்டு பஸ் நிறைய வயசானவர்கள் வந்து இறங்கினார்கள். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வளர்மதி படிக்கட்டில் ஏறி நின்று பேசினாள். பேச்சா அது, ஆறாக ஓடியது. அவள் கையை நீட்டிய பக்கமெல்லாம் அத்தனை தலையும் திரும்பியது. நடுவில் என்னவோ சொன்னாள், எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். எங்கள் வீட்டில் வாயைத் திறந்தாலே நான் ஒரு வார்த்தை சொல்வேன், அவள் ஒரு வார்த்தை சொல்வாள், அவள் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். இவளுக்குள் இத்தனை பேச்சு எங்கே இருந்தது?

உள்ளே வந்ததும், "தொண்டை கட்டிக்கப் போவுது, வெந்நீர் குடி" என்றேன். நன்றாகப் பேசினாய் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். தலைக்கனம் ஏறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

மதாம் புதன்கிழமை என்னை வரச் சொல்லியிருக்கிறாளாம். தானே கோட்டையைச் சுற்றிக் காட்டுவாளாம், அப்புறம் தேநீராம். "யாருக்கும் அப்டிக் காட்ட மாட்டாங்கம்மா" என்றாள் வளர்மதி. சொன்னபோது முகம் சந்தோஷமாக இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. விளக்குக்கு முதுகு காட்டி நின்றாள்.

மே 20, புதன்

எழுதுவதற்கு நிறைய இருக்கிறது. கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அரக்குக் கலர் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு போனேன். மேலே மருமகனுடைய கம்பளிக் கோட்டு, வேறு வழியில்லை. மதாம் வாசலிலேயே நின்றாள். எண்பது வயதுக்குக் குறையாது. குச்சி மாதிரி உடம்பு, முழங்கையில் ஒட்டுப் போட்ட சட்டை. கோட்டைக்காரி என்று நானாகச் சொல்லியிருக்க மாட்டேன். கழுத்தில் சங்கிலி இருந்தது. வைரம், வைடூரியம் தொங்கும் என்று பார்த்தால் வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு பொத்தான் தொங்குகிறது.

வாசலில் செருப்பைக் கழற்றினேன். பெரியவர்கள் வீட்டுக்குள் செருப்போடு போகிற வழக்கம் நமக்கு ஏது? மதாம் பதறி, "நோன், நோன்" என்றாள். வேண்டாம் என்கிறாள், அந்த வார்த்தை எனக்குத் தெரியும். புதுச்சேரியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் உட்கார்ந்தவளுக்கு வேண்டும், வேண்டாம் இரண்டும் பிரெஞ்சில் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் வெறுங்காலோடுதான் நடந்தேன். கல் தரையின் குளிர் கணுக்கால் எலும்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மதாம் என் காலைப் பார்த்துப் பார்த்து நடந்தாள். அவளுக்கு என்னைப் பிடித்துப் போனது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

முதலில் அடுப்படி. ஐந்நூறு பேர் பந்திக்குச் சமைக்கலாம், அவ்வளவு பெரிசு. செம்புப் பாத்திரங்கள் பெரிசிலிருந்து சின்னதுவரை வரிசையாகத் தொங்குகின்றன. புளி போட்டுத் தேய்த்தால் கண்ணைப் பறிக்கும் என்றேன். வளர்மதி அதைச் சொன்னதும் மதாம் கைதட்டிச் சிரித்தாள். அப்புறம் சாப்பாட்டு மண்டபம், சுவர் முழுக்கப் படங்கள். அவள் மாமனார், மாமனாரின் மாமனார், கத்தி வைத்திருக்கிறவர், நாய் வைத்திருக்கிறவர். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. படுக்கை அறையில் யாரோ தளபதி ஒரு ராத்திரி தூங்கிய கட்டில். அந்த ஒரு ராத்திரிக்காக இருநூறு வருஷமாகக் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். கட்டில் மேல் விதானத்தில் ஒரு வாளி கட்டியிருந்தது. ஒழுகல்.

வளைந்து வளைந்து போகிற கல் படிக்கட்டு. மதாம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள், நான் பிடித்த மாதிரியே. பாதியில் நின்று கழுத்துப் பொத்தானைக் காட்டி என்னவோ சொன்னாள்.

"இவங்க எங்கயாச்சும் விழுந்துட்டா இதை அமுக்குவாங்கம்மா. என் போன்ல மணி அடிக்கும், நான் ஓடி வந்துடுவேன். போன குளிர்ல ரெண்டு தடவ விழுந்துட்டாங்க."

"நீ ஓடி வருவியா?"

"வேற யாரு வருவா? அவங்க பிள்ளைங்கல்லாம் பாரீஸ்ல."

நான் படியையே பார்த்துக்கொண்டு ஏறினேன். யாரோ ஒருத்தி விழுந்தால் என் மகள் ஓடுகிறாள். ஓடட்டும், நல்ல காரியம்தானே. கம்பளிக் கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டேன். குளிர்தான் காரணம்.

இத்தனை அறை இருந்தும் மதாம் குடியிருப்பது கோடியில் மூன்று அறையில். அங்கே மட்டும்தான் ஹீட்டர். மேஜையில் தேநீர், ஒரு தட்டில் கேக். கேக்கை நீட்டினாள். "வேணாங்க" என்றேன், நாம் சொல்வதுபோல. எடுத்த எடுப்பில் வாங்கித் தின்றால் காணாததைக் கண்டவள் என்று ஆகிவிடாதா? இன்னொரு தடவை நீட்டுவாள் என்று கையைத் தயாராக வைத்திருந்தேன். தட்டை அந்தப் பக்கம் நகர்த்திவிட்டாள்! பசி வயிற்றைக் கிள்ளுகிறது, கேக் கண் முன்னால் இருக்கிறது. என்ன ஊரோ, என்ன உபசாரமோ.

அப்புறம்தான் அது வந்தது. மதாம் கோப்பையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஐஸ். மெதுவாகப் பேசினாள், என் முகத்தைப் பார்த்து. ஜன்னல் வழியே புறாக்கூண்டுக் கோபுரத்தைக் காட்டினாள். வளர்மதி தன் கோப்பையை இரண்டு சுற்றுச் சுற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"புறாக்கூண்டுக்குக் கீழ ஒரு ரூம் சும்மா கெடக்குதாம்மா. ழெரோம் சரிபண்ணிடுவானாம். நீ இங்கயே எங்களோட இருந்துடுறியான்னு கேக்குறாங்க. அவங்களும் தனியா இருக்காங்க, நீயும் தனியா இருக்க, பேச்சுத் துணையா இருக்கும்னு சொல்றாங்க."

ஆறு மாதம் காத்திருந்த வார்த்தை. மதாம் வாயாலேயே வந்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சூடு பரவியது. வாய் என்ன சொன்னது தெரியுமா?

"ஐயோ, அவங்களுக்கு எதுக்கும்மா வீண் செரமம்? அதெல்லாம் வேணாம்னு சொல்லு. எனக்கென்ன, இருக்குற வரைக்கும் எங்கயோ ஒரு மூலைல கெடந்துட்டுப் போறேன்."

வேறு எப்படிச் சொல்வது? வீடு தருகிறேன் என்று ஒருத்தர் சொன்னதும் சரி என்று காலை நீட்டிவிட முடியுமா? நம் பக்கம் ஒரு டம்ளர் மோருக்கே மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது, கேட்கிறவர் மனசு அறிய. மூன்றாவது தடவை கேட்டால், "சரி, இவ்வளவு சொல்றீங்க" என்று வாங்கிக்கொள்வோம். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

நான் இத்தனை நீளமாகப் பேசினேனா? வளர்மதி மதாம் பக்கம் திரும்பினாள்.

"நோன். மெர்சி, மதாம்."

வேண்டாம், நன்றி. அவ்வளவுதான் சொன்னாள். மதாம் "ஆ" என்று தலையாட்டினாள். முகம் கொஞ்சம் சுருங்கியது. என் கையை விட்டாள். அப்புறம் ஆடுகளைப் பற்றிப் பேசினார்கள்.

மே 21

நேற்று எழுதியதைப் படித்தேன். வளர்மதி மேல் ஒரு தப்பும் இல்லை. கேள்வியை மாற்றாமல் என்னிடம் சொன்னாள். பதிலை மாற்றாமல் அவளிடம் சொன்னாள். எக்ஸ்சேஞ்சில் நாங்களும் அப்படித்தானே, இந்தப் பக்கம் வந்ததை அந்தப் பக்கம் தள்ளிவிடுவோம். ஆனால் இந்தப் பக்கம் ஒருத்தி அழுதால் அந்தப் பக்கமும் அழுகைதான் கேட்கும். தந்தி மாதிரி ஒற்றை வார்த்தை கேட்காது.

போகட்டும். மதாம் நிச்சயம் இன்னொரு தடவை கேட்பாள். பெரிய மனுஷி.

மே 23

அரிசி மாவு கிடைத்தது, வெல்லம் கிடைக்கவில்லை. இந்த ஊர்ப் பழுப்புச் சர்க்கரையைப் போட்டு அதிரசம் சுட்டேன். பாகு பதம் தப்பி ஓரமெல்லாம் பிய்ந்துவிட்டது. அதையும் தட்டில் வைத்து நானே மதாமிடம் கொண்டுபோனேன், வளர்மதிக்குத் தெரியாமல். மதாம் கதவைத் திறந்து, "ஓ!" என்று ஒன்றை அங்கேயே எடுத்துக் கடித்தாள். பாரேன், ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் சொல்லவில்லை! கொடுத்ததும் எடுத்துத் தின்றாள், இன்னொன்றும் எடுத்தாள். நான் நின்றேன். புறாக்கூண்டுக் கோபுரத்தைத் திரும்பிப் பார்த்தேன், நன்றாகத் தெரிகிற மாதிரி கழுத்தை வளைத்துப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். "புறா" என்று பிரெஞ்சில் சொன்னாள் போலிருக்கிறது. சிறகு அடிக்கிற மாதிரி கையை ஆட்டிக் காட்டினாள். நானும் ஆட்டினேன். வேறு என்ன செய்வது? இரண்டு கிழவிகள் வாசலில் நின்று றெக்கை அடித்துக்கொண்டிருந்தோம்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்பி வந்து பாத்திரங்களைக் கழுவினேன்.

மே 26

கேட்கவில்லை.

மே 31, ஞாயிறு

மத்தியானம் ழெரோம் சமைத்தான். கோழியை என்னவோ வெள்ளைக் குழம்பில் போட்டிருந்தான், உப்பில்லை, ஆனாலும் வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் போடவா என்று கரண்டியைத் தூக்கினான். "வேணாம்ப்பா, போதும்" என்றேன்.

அவன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை கேட்டான். வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவை கேட்டுவிட்டு, நான் வாயைத் திறக்குமுன் தட்டில் போட்டான். மூன்று விரலைத் தூக்கிக் காட்டி, தன் ஓட்டைத் தமிழில் சொன்னான்:

"மூணு தடவ, அத்தை! வால் சொல்லிச்சு. உங்க ஊர்ல ஒரு வேணாம், வேணாம் இல்ல. மூணு தடவ கேக்கணும். வால் கல்யாணத்துக்கு முன்ன சொல்லிச்சு. இல்லனா அத்தை பட்டினி!"

குழந்தை மாதிரி சிரிக்கிறான். படிப்பித்த பாடத்தை ஒப்பித்துவிட்ட சந்தோஷம். நான் வளர்மதியைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொட்டியைப் பிய்த்தாள், தின்னவில்லை, இன்னும் சின்னதாகப் பிய்த்தாள்.

மருமகன் மனசு நோகக் கூடாது என்று முழுவதையும் தின்றேன்.

ஜூன் 1

கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். ழெரோம் கூரை மேல் இருந்தான், சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஏன்டி, மூணு தடவ கேக்கணும்னு உன் புருஷனுக்குத் தெரியுது. அந்த மதாமுக்கு மட்டும் சொல்லத் தெரியலையா உனக்கு?"

"நீதானேம்மா வேணாம்ன."

"நான் வேணாம்னா அது வேணாம்தானா?"

துணியை மடித்து வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும், நானும் கத்தியிருப்பேன். இந்த ஊருக்கு வந்து மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"அப்பா போன அன்னிக்கு நான் போன் பண்ணேன். ஞாபகம் இருக்கா?"

"இப்ப எதுக்கு அது?"

"கெளம்பி வர்றேம்மான்னேன். 'வேணாம், அவ்ளோ தூரம் நீ ஏன் அலையுற, நீ வந்து என்னா ஆவப்போவுது'ன்ன. மறுபடி கேட்டேன். வேணாம்ன. ழெரோம் பெட்டியைத் தூக்கிக் கார்ல வெச்சுட்டு நிக்குறான், மூணாவது தடவையும் கேட்டேம்மா. 'வேணாம்னா வுடேன்'னு போனை வெச்சுட்ட. நான் பெட்டியை உள்ள எடுத்து வெச்சேன்."

நான் கரண்டிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

"அப்புறம் நாலு வருஷமா என்னா சொல்லிட்டு இருக்க? பெத்த அப்பன் மூஞ்சியப் பாக்க வராத பொண்ணுன்னு. ஜெயக்கொடி அக்காகிட்ட சொன்ன, சித்தப்பாகிட்ட சொன்ன, கோயில்ல பாத்தவங்ககிட்ட எல்லாம் சொன்ன. எல்லாம் சுத்தி எனக்கு வந்துச்சு. நீ வேணாம்னா என்னா அர்த்தம்னு யோசிச்சு யோசிச்சு எனக்கு அலுத்துப் போச்சும்மா. இனிமே வேணாம்னா வேணாம்னே எடுத்துக்குறதுன்னு முடிவு பண்ணிட்டேன். அப்படி எடுத்துக்கிட்டா நிம்மதியா இருக்கு."

"என்னை இங்க வெச்சுக்க உனக்கு இஷ்டமில்லன்னு சொல்லு. அதுக்கு ஏன் செத்தவரை இழுக்குற?"

"நீ இருக்கணும்னு ஆசைப்பட்டியா? இருக்கட்டுமான்னு ஒரு வார்த்த என்கிட்ட கேட்டியா?"

"நான் எதுக்குடி கேக்கணும்?"

"அதான்" என்றாள். துணியை எடுத்து, துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.

அப்போது அவள் போன் விட்டு விட்டு அடித்தது. மதாமின் பொத்தான். வாசலில் கிடந்த செருப்பை மாட்டக்கூட நிற்காமல் ஓடினாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன், புல்லில் வெறுங்காலோடு ஓடுகிறாள். ஒன்றுமில்லையாம், மதாம் குனிந்தபோது பொத்தான் மேஜையில் பட்டு அமுங்கிவிட்டதாம். திரும்பி வந்து சொன்னாள். மூச்சு வாங்கியது. முகத்தில் கோபம் இல்லை. என்னிடம் பேசும்போது வருகிற அந்தக் களைப்பும் இல்லை.

குளியலறையில் விழுந்ததை அப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஜெயித்துவிடுவேன் என்று தெரியும். அப்படியே விழுங்கிவிட்டேன்.

ஜூன் 2

நேற்று அவள் சொன்னதை யோசித்தேன். அது வேறு, இது வேறு. சாவு வீட்டில் வாய்க்கு வந்ததைச் சொல்லுவோம், அதையெல்லாம் பிடித்துக்கொண்டு நிற்பதா? புருஷனைக் கூடத்தில் கிடத்தி வைத்திருக்கிறவள் சொல்வதற்கெல்லாம் அர்த்தம் உண்டா?

நாலாவது தடவை கேட்டிருக்கலாம்.

ஜூன் 4

பெட்டி கட்டினேன். வரும்போது கொண்டுவந்த ஊறுகாய், வடகம், மிளகாய்த்தூள் எல்லாம் இங்கேயே இருக்கட்டும் என்று எடுத்து வைத்தேன். எங்கெங்கே வைப்பாள் என்று பார்த்து அங்கங்கேயே வைத்தேன், உப்பு அந்த மூலை, தூள் இந்த மூலை. வளர்மதி கவனித்த மாதிரி தெரியவில்லை.

ஜெயக்கொடிக்குப் போன் போட்டு, "குளிர் ஒத்துக்கல, வந்துடுறேன்" என்றேன். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாள். என்ன சொன்னாள் அவள் அப்பவே? ஒன்றும் சொல்லவில்லை. செடியைத் திருப்பி வைக்கிறாயா என்று கேட்க நினைத்தேன். வேர் பிடித்திருக்கும், பாவம், இருக்கட்டும்.

ஜூன் 6, சனிக்கிழமை

விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் நேரமிருக்கிறது.

காலையில் கிளம்பும்போது மதாம் வாசல்வரை வந்தாள். இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள், வழக்கமாம். அன்றைக்குக் கேட்டதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஏன் இருக்கும்? கேட்டாள், வேண்டாம் என்றேன், முடிந்தது. அவள் வரையில் நான் மனசில் இருப்பதைச் சொல்கிறவள். அப்படி என்னை நினைக்கிற ஒரே ஆள் இந்த உலகத்தில் அவள்தான்.

ழெரோம் பெட்டியைத் தூக்கிக் காரின் பின்னால் வைத்துக்கொண்டிருந்தான். வளர்மதி ஸ்டேஷனுக்கு வரவில்லை, பத்து மணிக்கு ஒரு கூட்டம் வருகிறதாம். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவள், வண்டி கிளம்பும்போது நம் ஊரில் யாரும் யாருக்கும் சொல்வதுபோலச் சொன்னாள்:

"இன்னும் ரெண்டு வாரம் இருந்துட்டுப் போலாமில்லம்மா?"

"சரி, இருக்கேன்" என்றேன்.

எப்படி அந்த வார்த்தை வந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஜென்மத்தில் நான் முதல் தடவையிலேயே சரி சொன்னதில்லை. வளர்மதி விக்கித்துப் போனாள். திறந்த வாய் மூடவில்லை. கண் ஒரு தடவை ழெரோமிடம் போனது, பெட்டியிடம் போனது, திரும்பி என்னிடம் வந்தது. "இல்ல... டிக்கெட்டு... அது மாத்த முடியுமா என்னான்னு... விசா வேற..." என்றாள். கன்னம் சிவந்துவிட்டது. நான் பெற்ற முகம் அது, எனக்குப் படிக்கத் தெரியாதா? அதில் என்னை இருக்கச் சொல்கிற ஒரு கோடுகூட இல்லை.

"சும்மா சொன்னேன்டி" என்றேன். "ஊர்ல போட்டது போட்டபடி கெடக்குது. வேணாம்."

அப்பாடா என்று அவள் தோள் இறங்கியதைப் பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். உடனே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லம்மா, நெஜமாத்தான். இரேன்."

"வேணாம்மா."

"அம்மா, இரும்மா."

மூன்றாகிவிட்டது. முறைப்படி கேட்டாள், ஒன்று குறைவில்லாமல். மூன்றாவது தடவை அவள் குரல் உடைந்திருந்தது. அது மரியாதைக்குக் கேட்டதா, மனசாரக் கேட்டதா என்று எனக்குப் பிடிபடவில்லை. இத்தனை வயசுக்கு அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"வேணாம்னா வுடேன்" என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். நாலாவது தடவை கேட்பாளோ என்று கொஞ்சம் நின்றேன். ழெரோம் டிக்கியை மூடினான். காரில் ஏறி உட்கார்ந்தேன், அவள் கதவைச் சாத்தினாள்.